சுப்புராயன் மாமாவும் முதலிடத்துப் படமும்

என் அக்கா ஜோதிலட்சுமியைக் கட்டிக்கொண்ட சுப்புராயன் மாமாவுக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. சந்தேகப்படுவதற்குத்தான் தனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பார். சரி, வேலை முடிந்த பிறகாவது அதை மூட்டை கட்டி வைக்கலாமே! மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார், சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார். நான் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், "இன்னா மச்சான், காரணம் இல்லாம வரமாட்டியே?" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். காரணத்தைச் சொன்ன பிறகுதான் எனக்குக் காபி வரும்.

மனுஷனுக்கு உயிர் சினிமா. அதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பார். படம் தொடங்கும் முன் திரையில் சென்சார் சர்டிபிகேட் காட்டுவார்களே, நாமெல்லாம் அந்த நேரத்தில் இருட்டில் சீட்டைத் தடவிக்கொண்டிருப்போம். மாமா அதில் எத்தனை ரீல் என்று படித்து மனசில் வைத்துக்கொள்வார். படம் கொஞ்சம் சீக்கிரம் முடிந்ததுபோல் தோன்றினால் போதும், மாடி ஏறிப்போய் ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டுவார். "ஒரு ரீலை எங்கப்பா ஒளிச்சு வெச்ச?" என்பார். ஒரு ஆபரேட்டர் நல்ல மனுஷர், கோபிக்காமல் உள்ளே கூப்பிட்டு எல்லா ரீலையும் எண்ணிக் காட்டினார். கணக்கு சரியாக இருந்தது. அதற்குப் பிறகு மாமா அந்தத் தியேட்டர் பக்கமே போகவில்லை. இவ்வளவு மரியாதையாக நடத்துகிற இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றார்.

சினிமாவுக்கு நூறு வயசு என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதிக்கொண்டிருந்த தொண்ணூற்றைந்தாம் வருஷம், மாமாவும் அவருடைய சினிமாக் கூட்டாளிகளும் தமிழில் தலைசிறந்த பத்துப் படங்களுக்கு வரிசை போட உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தி. நகர் பனகல் பார்க். மயிலாப்பூர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஸ்ரீரங்கன், உஸ்மான் ரோட்டில் தையல் கடை வைத்திருந்த மெஹபூப் அலி, இன்னும் நாலைந்து பேர். பத்தாம் இடத்திலிருந்து முதல் இடம் நோக்கி வாரம் ஒரு படம். மாமா அதற்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். படத்தை முன்மொழிகிறவர் அதன் கடைசிக் காட்சியைச் சபைக்கு முன் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம், ஆளை வெளியே அனுப்பிவிட வேண்டும். "பாதிப்பேர் இடைவேளையில எழுந்து வந்துட்டு முழுப்படம் பார்த்தேன்னு பீலா உட்றானுங்க" என்பார். முதல் இடத்துக்கு என்ன படம் என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தார். என் அக்கா கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் வந்த படம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தாள். மாமாவின் ஒரே மகள் திலகவதி, அடையாறில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயசு. வந்த வரன்களை எல்லாம் மாமா ஒவ்வொரு காரணம் சொல்லித் தட்டிவிட்டார். ஒரு பையனின் கைக்கடிகாரம் மணிக்கட்டில் தளர்வாக இருந்ததாம், இரவல் வாங்கி வந்திருக்கிறானாம். இன்னொரு பையனின் ஜாதகத்தில் மை புதுசாக இருந்ததாம். திலகவதி ஒவ்வொரு தடவையும் புடவையை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அப்போதுதான் பேச்சியம்மாள் என்ற தரகு அம்மா, ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து புகழேந்தி என்ற பையனைக் கொண்டுவந்தாள். அங்கே ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அப்பா முருகையன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தார்கள். பையனும் திலகவதியும் பின்கட்டில் கொஞ்ச நேரம் பேசினார்கள். அவள் சமையலறைக்குத் திரும்பி வந்து, "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கும்மா" என்று சொன்னாளாம். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பஜ்ஜி போட்டாள்.

கூடத்திலோ கச்சேரி வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. முருகையனும் சினிமாப் பைத்தியம் என்று தெரிந்துவிட்டது. சம்பளம், சீர் எதையும் பேசவில்லை. இரண்டு பேரும் படங்களுக்கு வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா, "அப்போ மொதல் எடம் எதுக்கு?" என்று கேட்க, முருகையன் சட்டென்று அந்தப் படத்தின் பெயரையே சொன்னார். மாமா எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடடா, மாமா ஒரு மனுஷரை நம்பிவிட்டார், கல்யாணம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

கையை விடாமலே மாமா கேட்டார்: "கடைசி சீன்ல அந்தப் பொண்ணு இன்னா ஆவா, சொல்லுங்க பாப்போம்."

"இன்னா ஆவா? செத்துப்பூடுவா. அவன் மடியிலயே உசிரு போவும். இப்போ நெனைச்சாலும் எனக்கு ஒரு மாதிரி ஆவுது சார்" என்றார் முருகையன்.

மாமா கையை விட்டுவிட்டார். முகம் மாறிப்போனது. நான் அந்தப் படம் பார்த்ததில்லை, அது வந்தபோது எனக்குப் பால் பல்கூட விழவில்லை. பஜ்ஜி வயிற்றைக் கலக்குகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் விடைபெற்றுப் போனார்கள்.

மறுநாள் பேச்சியம்மாள் வந்தபோது, "ஒத்து வராதும்மா" என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அக்கா அழுதாள். நான் கத்தினேன். "பொய் பேசற குடும்பம்" என்றார். என்ன பொய் என்று கேட்டால், "அது எனக்குத் தெரியும்" என்றார். அதோடு முடிந்ததா? அவர் காரணத்தைச் சொல்லாததால் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று கற்பனை செய்ய ஆரம்பித்தோம். பையனுக்குக் குடிப்பழக்கமோ என்று அக்கா. பட்டறையில் ஏதாவது திருட்டுக் கேஸோ என்று நான். திலகவதி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, மறைக்காம சொல்லு. அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயி கீதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சில வாரம் கழித்து முதல் இடத்துப் படத்தின் முறை வந்தது. பாண்டி பஜாரில் ஏதோ வாங்கப் போனவன், மாமாவை அழைத்துக்கொண்டு போகலாம் என்று பார்க்குக்குள் நுழைந்தேன். மாமா நின்றுகொண்டு கடைசிக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கண் திறக்கிறாளாம், இரண்டு பேரும் கோயில் படியில் இறங்கி வருகிறார்களாம், சுபமாம். சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். "ஒருத்தர் என் வீட்டுக்கு சம்பந்தம் பேச வந்தாரு. இதான் மொதல் எடம்ன்னாரு. ஆனா அவ செத்துட்டான்றாரு! படத்தையே பார்க்காம பார்த்தேன்னு சொல்றவன், புள்ளை சம்பளத்துல எவ்ளோ பொய் சொல்லுவான்? உஷாரா வேணாம்னுட்டேன்."

அடப்பாவி மனுஷா! இதற்காகவா? நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீரங்கன் வாத்தியார் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்கோ. அவ செத்துன்னா போவா? நானே பாத்திருக்கேனே. அவன் மடியில தலையை வெச்சுண்டு..."

"நீங்களுமா?" என்றார் மாமா.

மெஹபூப் அலி குறுக்கே வந்தார். "ரெண்டு பேரு சொல்றதும் கரெக்ட்டுதான் நைனா. மொதல் வாரம் அவ செத்தா. ஜனம் ஒத்துக்கல, சேரை ஒடைச்சானுங்க. அடுத்த வாரம் வேற கிளைமாக்ஸ் எடுத்து ஒட்டிட்டானுங்க, உசிரோட வந்துட்டா. அந்தக் காலத்துல நெறைய படத்துக்கு இப்டித்தான் பண்ணுவாங்க."

"முருகையனை உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று மாமா இருவரையும் பார்த்துக் கேட்டார். அந்தப் பெயரையே அவர்கள் அப்போதுதான் கேள்விப்படுகிறார்கள். வாத்தியார் திருதிருவென்று விழித்தார். நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பஸ் ஏற்றினேன். மயிலாப்பூர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி, கூட்டுச் சதி, கூட்டுச் சதி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் நான்தான் விஷயத்தை உடைத்தேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் அந்தப் படத்தை மொத நாளே பார்த்தேன். அவ செத்துட்டா. நானும் எங்க சித்தியும் அழுதுக்கினே ஊட்டுக்கு வந்தோம்."

"ஏன் இத்தினி நாளா சொல்லல?" என்று மாமா பாய்ந்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு படத்தைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு கீறீங்களா? பொம்பளைங்களுக்கு இன்னா தெரியும்னு பார்க்குக்குப் போய்டுவீங்க!"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையைக் கேட்டால் உங்களுக்கும் ரத்தம் கொதிக்கும். "அப்போ நான் பார்த்தது ஒரிஜினல் இல்லியா?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "உன் படம் நாசமாப் போவட்டும் மாமா! உம் பொண்ணு வாழ்க்கையைப் பாரு!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தபோது திலகவதி அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. மாமாவால் அவளைப் பார்க்க முடியவில்லை. "மச்சான், நாளைக்கு என்கூட ஈக்காட்டுத்தாங்கல் வா" என்று என்னிடம் சொன்னார். அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

முருகையன் வீட்டில் எங்களை உட்காரச் சொன்னார்கள். அவ்வளவுதான் உபசாரம். மாமா தண்ணீர் குடிக்காமல், சுற்றி வளைக்காமல், ஒன்று விடாமல் சொன்னார். கடைசிக் காட்சி, பார்க், வாத்தியார், அக்கா எல்லாம். வாழ்க்கையில் இவ்வளவு உண்மையை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. முருகையன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"சார், நான் சினிமாப் பைத்தியம்தான். அதுக்காக என் காதுல பூ சுத்தாதீங்க. ஒரு படத்து முடிவை வெச்சு எவனாச்சும் சம்பந்தத்தை வேணாம்பானா?"

"சத்தியமா சொல்றேன்..."

"அப்போ காரணம் சொல்லாம வேணாம்னீங்க. எம் புள்ளைக்கு இன்னா கெட்ட பேருன்னு பட்டறை வரைக்கும் போய் விசாரிச்சேன். பெத்த புள்ளையை, சார்! இப்போ நீங்களே தேடிக்கினு வந்து ஒரு கதை சொல்றீங்க. உண்மையை சொல்லுங்க. பொண்ணுக்கு இன்னா?"

அவர் மனைவி உள்ளேயிருந்து, "வேற எங்கியாச்சும் பேசி நின்னுபோச்சா?" என்று கேட்டாள்.

மாமா பாதி எழுந்துவிட்டார். "நாளைக்கே வாத்தியாரைக் கூட்டிக்கினு வரேன். மெஹபூப் பாய் வந்து சாட்சி சொல்லுவாரு" என்றார்.

"சாட்சி வேற கூட்டிக்கினு வர்ற அளவுக்கா கீது விசயம்?" என்றார் முருகையன். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

புகழேந்தி அத்தனை நேரமும் சுவரோரம் நின்றிருந்தான். நாங்கள் செருப்பு மாட்டும்போது வெளியே வந்து, "அவங்க நல்லா கீறாங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். போய்விட்டான்.

வீட்டில் திலகவதி காத்திருந்தாள். மாமா அவள் எதிரே போய் நின்றார். நான் ஏதாவது சொல்லி மழுப்பலாம் என்று பார்த்தேன், அவர் விடவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளை எல்லாம், அவளைப் பற்றிக் கேட்டது உட்பட, அப்படியே சொன்னார். "நான் உண்மையைத்தான் சொன்னேம்மா. ஒருத்தரும் நம்பலை" என்றார்.

திலகவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா இருந்தா நம்பியிருப்பியா நைனா?"

மாமா பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

"மாட்டேம்மா" என்றார்.