அந்தப் பந்து உள்ளுக்கதான் போனது

லிங்கநகரில மகள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளாகுது. பின்னேரம் மருமகன் வேலையால வந்து, முகம் கழுவி, தேத்தண்ணியோட ரீவிக்கு முன்னால குந்தினாரெண்டா பந்துதான். நானும் போய்க் குந்திடுவன். எழுத வாசிக்கத் தெரியாட்டி என்ன, பந்து பாக்க எழுத்து வேணுமே? அண்டைக்கு ஒருத்தன் அடிச்சான். அவன்ர ஆக்கள் கட்டிப்பிடிச்சுக் குதிக்கிறாங்கள். ரெபரி மட்டும் காதைப் பொத்திக்கொண்டு நிக்கிறார். பிறகு ரெண்டு கையாலயும் காத்தில ஒரு பெட்டி கீறினார், ஓடிப்போய்க் கரையில கிடந்த ஒரு ரீவியை எட்டிப் பாத்தார்.

"என்ன தம்பி, ஆட்டத்தை விட்டிட்டு இவர் படம் பாக்கப் போறார்?" எண்டு மருமகனைக் கேட்டன்.

"கோலோ இல்லையோ எண்டு திருப்பிப் போட்டுப் பாக்கிறார் மாமி. சந்தேகமெண்டா இப்ப அப்பிடித்தான்."

எனக்கு வந்த சிரிப்பில தேத்தண்ணி மூக்கால வந்திட்டுது. சிரிச்சு முடியக் கோவம் வந்தது. சந்தேகமெண்டா ரீவியிட்டக் கேப்பினமாம்! அந்த நாளையில என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே! கோல் போஸ்டுக்குப் பின்னால, இந்தா அந்த அலுமாரி நிக்கிற தூரத்தில, தோடம்பழம் நிறைச்ச பேசின் சட்டியோட நிண்டனான் நான்.

சொல்லுறன், இருங்கோ. முதலில இவரைப் பற்றிச் சொல்ல வேணும். இவரெண்டா என்ர மனுசன். துறைமுகத்தில ஜெட்டி வேலை. சாமான் இறக்கி ஏத்திப்போட்டு வந்து, சோத்துக் கோப்பையைக் கழுவ முதல் பந்துக்குப் போற ஆள். இடக்கால். எங்கட கடற்கரைப் பெடியளின்ர கிளப்பில இடப்பக்கத்தால ஓடுவார். எனக்குக் கலியாணம் பேசி வரேக்க மாமா சொன்னவர், "பெடியன் குடிக்கமாட்டான், ஒரேயொரு பழக்கம்தான் இருக்கு" எண்டு. குடிச்சிருந்தா விடப்பண்ணியிருக்கலாம். இந்தப் பழக்கத்தை என்ன செய்யிறது? கிளப் ஜேர்சியெல்லாம் எங்கட கிணத்தடியிலதான் காயும். எந்த வீட்டில உடுப்புச் சவுக்காரம் மணந்தாலும் எனக்கு அந்த வேர்வை மணமும் கூட வரும். மணத்தில கூட என்னைத் தனிய விடமாட்டார் மனுசன்.

மணமெண்டாப் பிறகு அந்த வலையைச் சொல்லாமல் ஏலாது. கிளப்பின்ர கோல் வலையை ஆடு திண்டுட்டுது. மெய்யா ஆடுதான். கிளப்புக்காரர் "அடுத்த வருசம் பாப்பம், அடுத்த வருசம் பாப்பம்" எண்டு இழுத்தினம். பெரிய ஆட்டம் வந்திட்டுது, வலை இல்லை. எங்கட பெடியள் பாதிப்பேர் கடலுக்குப் போறவங்கள்தானே, ஒரு பழைய கரைவலையை வெட்டிக் கொண்டுவந்து போஸ்டில கட்டினாங்கள். எப்பிடிக் கட்டினாங்கள் தெரியுமே? காயப்போடுற மாதிரி, நாலு பக்கமும் முளையடிச்சு, இழுத்து இழுத்து. ஒரு சுருக்கம் இல்லை. தட்டினா மத்தளம் மாதிரிச் சத்தம் கேக்கும். "பாத்தியளே அக்கா, எங்கட கட்டு!" எண்டு அதில பெருமை வேற. மீன் மணத்துக்குக் காகம் ரெண்டு வந்து போஸ்டுக்கு மேல குறுக்கால கிடக்கிற பாரில குந்திக்கொண்டு போகமாட்டன் எண்டுட்டுது.

அண்டைக்கு எதிர்ப் பக்கம் கிண்ணியாப் பெடியள். அப்ப இந்தக் கிண்ணியாப் பாலம் ஏது? பாதையெண்டு சொல்லுற மிதவையில ஏறித் தண்ணியைக் கடந்து வந்து, பிறகு பஸ் பிடிச்சு வரவேணும். அவையின்ர கோல்கீப்பர் நசீர். நெடுவல், மூங்கில் மாதிரி. வந்து வலைக்குக் கிட்ட நிண்டதும் மூக்கைப் பொத்தினார். "என்ன அக்கா, எங்களை வெல்லவோ, கருவாடாக்கவோ கூப்பிட்டீங்க?" எண்டு என்னைப் பாத்துக் கேட்டார். நான் கையில இருந்த பேசின் சட்டியால வாயை மறைச்சுச் சிரிச்சனான். பொம்பிளையள் கிறவுண்டுக்குப் போறதில்லை அப்ப. இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் குடுக்கிற சாட்டில போனனான். அண்டைக்கு வெண்டா கப் எங்களுக்கு. எங்கட கிளப் அதுக்கு முன்னம் ஒரு கப்பையும் கண்ணால காணேல்லை.

ஆட்டம் முடியப் போகுது. இவர் இடப்பக்கத்தால வந்தார். ரெண்டு பேரை வெட்டினார். அடிச்சார்! ஐயோ, அந்த அடி! நசீர் பறந்தார், பிடிக்க ஏலேல்லை. பந்து பாருக்குக் கீழால உள்ளுக்க போய், வலையில பட்டு, அந்த மத்தள வலையில பட்ட வேகத்தில திரும்பி வெளியில வந்திட்டுது! காகம் ரெண்டும் பறந்திட்டுது. நசீர் விழுந்து பந்தைக் கட்டிப்பிடிச்சார். ரெபரி எங்க நிண்டவர்? நடுக் கிறவுண்டில, மூச்சு வாங்கிக்கொண்டு. பாரில பட்டுத் திரும்பினதெண்டு கையை விரிச்சார். எங்கட பெடியள் ரெபரியைச் சுத்திக்கொண்டாங்கள். நான் பேசினைப் போட்டிட்டு, "கோல்! கோல்! நான் பாத்தனான்!" எண்டு கத்தினன். ரெபரி திரும்பியும் பாக்கேல்லை. ஆரோ ஒரு ஆம்பிளை, "தங்கச்சி, பழத்தைப் பொறுக்கு" எண்டார்.

இவர் எங்கயெண்டா, அடிச்ச இடத்தில நிலத்தில கிடக்கிறார். முழங்கால் பிசகிப் போட்டுது. அந்த அடிதான் கடைசி அடி. பந்து உள்ளுக்க போனதையும் காணேல்லை, வெளியில வந்ததையும் காணேல்லை. கப் கிண்ணியாவுக்குப் போச்சுது.

ஆசுப்பத்திரியால வந்து படுத்திருக்கேக்க சொன்னனான், "அது கோல், நான் கண்ணால கண்டனான்" எண்டு. "நீர் என்ர பொஞ்சாதி. வேற என்ன சொல்லுவீர்?" எண்டார். பாத்தியளே நியாயத்தை!

கால் போன பிறகெண்டாலும் வீட்டில இருப்பார் எண்டு பாத்தன். இல்லை, பெடியளைப் பழக்கிற கோச்சாப் போட்டார். முந்தி தான் ஒருத்தர் ஓடினவர், இப்ப ஒரு பட்டாளத்தையே ஓடவிட்டார். ஓர்ஸ் ஹில்லால விடியக் காத்தால பெடியள் மூச்சு வாங்கி ஏறுவாங்கள், இவர் பின்னால சைக்கிளில விசிலோட. சாயங்காலம் அவ்வளவு பேரும் என்ர குசினிக்குள்ள. பருப்புச் சட்டி வழிக்கிற சத்தம் இப்பவும் காதில கிடக்கு. அதுக்குள்ள நல்லா விளையாடுற ஒருத்தன் வந்தானெண்டா அடுத்த வருசம் வெளிநாட்டுக்குப் போடுவான். இவர் திரும்ப முதலில இருந்து தொடங்குவார். சலிக்காத மனுசன். எனக்குத்தான் சலிச்சுது.

ஒருநாள் லீக் ஆட்டத்தில ஏதோ ஒரு பெனால்டி குடுக்கேல்லையெண்டு எங்கட பெடியள் கொதிச்சுப்போய் வந்தாங்கள். ரெபரியைப் பிடிச்சு அடிக்கப் போறாங்களாம், மற்ற ஊர்க்காரரின்ர வானை மறிக்கப் போறாங்களாம். அந்த யுத்த காலம் உங்களுக்குத் தெரியும்தானே, சின்னச் சண்டை ஒண்டும் சின்னனா முடியாது. இவர் வாசல் படலையை மறிச்சுக்கொண்டு நிண்டார்.

"ரெபரி சொன்னாச் சொன்னதுதான். என்ர கோலையே இல்லையெண்டவை. நான் வாய் திறந்தனானே?"

"உங்கட கோல் கோல்தானே அண்ணை! அவங்கள் களவு செய்தவங்கள்" எண்டான் ஒருத்தன்.

இவர் படலையை இழுத்துச் சாத்தினார். பிறகு, "இல்லையடா. அது பாரில பட்டது. ரெபரி சரியாத்தான் பாத்தவர். போய் உடுப்பை மாத்துங்கோ" எண்டார்.

பெடியள் அடங்கிப் போட்டாங்கள். நான் கிணத்தடியில ஜேர்சியைப் பிழிஞ்சுகொண்டு நிண்டனான். பிழிஞ்ச பிழியில ஜேர்சிக் கை என்ர கையோட கழண்டு வந்திட்டுது. தன்ர வாயால தன்ர கோலை அழிச்சிட்டாரே!

அண்டைக்குத் தேவைக்குச் சொன்னார், சரி. பிறகு ஒவ்வொரு புதுப் பெடியனுக்கும் அதுதான் முதல் பாடம். ரெபரியோட கதைக்கக் கூடாது, என்ர பந்து பாரில பட்டது, நான் எழும்பிப் போனனான். எழும்பிப் போனவராம்! நாலு பேர் தூக்கிக்கொண்டு போனவை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது மெய்யாப் போச்சுது. நான் குசினியால "கோல்!" எண்டு கத்துவன். அவர் வெளி முற்றத்தால "பார்!" எண்டுவார். பெடியள் சிரிப்பாங்கள். ரீவி வந்த பிறகும் அப்பிடித்தான், எந்த நாட்டுக்காரன் அடிச்சாலும் நான் கோல், அவர் பார்.

பாலம் போட்டபிறகு ஒருநாள் மோட்டர்சைக்கிள் ஒண்டு வந்து நிண்டது. இறங்கினது நசீர். தாடி நரைச்சு, அந்த மூங்கில் வளைஞ்சுபோய், கையில கிண்ணியாத் தயிர்ச்சட்டி. அவரும் அங்க பெடியளைப் பழக்குறாராம். ரெண்டு பேரும் ஒவ்வொரு பெடியனா இழுத்துவைச்சுக் கதைச்சினம். தேத்தண்ணி குடிச்சு முடிய நசீர் சொன்னார், "அண்ணன், ஒரு விசயம். அந்தப் பந்து உள்ளுக்கதான். உங்கட கரைவலை திருப்பி அடிச்சு என்ர முதுகில பட்டது. அல்லா அறிய, அது கோல்."

எனக்குக் கண் நிறைஞ்சிட்டுது. பாருங்கோ, கோல் வாங்கின மனுசனே வந்து சொல்லுறார்! இப்பவாவது இவர் ஒத்துக்கொள்ளுவார் எண்டு வாயைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

"இல்லை நசீர். பாரில பட்டது."

"நான்தானே அண்ணன் உள்ளுக்க நிண்டது!"

"நான்தானே அடிச்சது!"

அரை மணித்தியாலம் சண்டை. வாங்கினவர் கோல் எண்டுறார், அடிச்சவர் இல்லையெண்டுறார். இப்பிடியொரு விசர்க் கூத்தை உலகத்தில ஆரும் கண்டிருப்பினமே? கடைசியில நசீர் என்னைப் பாத்துக் கையை விரிச்சுப்போட்டு, "அக்கா, நானும் நீங்களும் மட்டும்தான்" எண்டு ஹெல்மெட்டைப் போட்டார்.

அவர் போனபிறகு கேட்டன், "ஏன் இந்தப் பிடிவாதம்? அந்த மனுசன் தண்ணி கடந்து வந்து சொல்லுதே?"

இவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "இஞ்சரும், எத்தினை பெடியளிட்டச் சொல்லியிருப்பன்? ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு நாட்டில நிக்கிறான். எங்க போய் இனி மாத்திச் சொல்லுறது?" எண்டார்.

பிறகு தயிருக்குச் சீனி கேட்டார்.

இப்ப கிளப் இல்லை. பேர்ப்பலகை மட்டும் கொஞ்ச நாள் தொங்கினது, அதையும் காணேல்லை. போனமுறை அந்தக் கிறவுண்டுப் பக்கத்தால ஓட்டோவில வரேக்க எட்டிப் பாத்தன். இரும்புப் போஸ்ட், வெள்ளை வலை, நல்லாத் தொங்கவிட்டுக் கட்டியிருக்கினம். அதில பட்டா எந்தப் பந்தும் வெளியில வராது. மீன் மணம் இல்லை, ஒரு காகம் இல்லை. நசீரும் போய்ச் சேந்திட்டாராம். இவர் போய் ரெண்டாவது ஆண்டுத் திவசம் வரப்போகுது.

அண்டைக்கு ரெபரி அந்த ரீவியைப் பாத்திட்டுத் திரும்பி ஓடி வரேக்க, நான் என்னையறியாமல் "கோல்!" எண்டு கத்திப்போட்டன். கத்திப்போட்டு, பழக்கதோசத்தில முற்றத்துப் பக்கம் காது குடுத்துக்கொண்டிருந்தன்.

"ஓம் மாமி, கோல்தான்" எண்டார் மருமகன்.

நல்ல பிள்ளை. மாமியாருக்கு எதிர்க்கதை கதைக்காது. நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்கு எழும்பிப் போட்டன்.