ஒச்சாண்டியின் மூக்கு

மார்க்கையன்கோட்டையில் ஒச்சாண்டியைப் போல் தன் கை உழைப்பால் மேலே வந்த ஆட்களை எண்ணப் புகுந்தால், அவரோடு எண்ணிக்கை முடிந்துவிடும். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஊரார் திராட்சைப் பந்தலுக்கடியில் முதுகில் பூச்சிமருந்து டப்பாவைச் சுமந்து கைப்பம்பு அடித்தே, கடைவீதியில் இரண்டு ஷட்டர் வைத்த மருந்துக் கடை போட்டார். எவனிடமும் கைகட்டி நின்றதில்லை. டின்னை மூக்கருகே கொண்டுபோனால் போதும், இன்ன மருந்து என்று சொல்லிவிடுவார். மருந்து தின்று ஆடு செத்தாலும், கிணற்றில் மீன் மிதந்தாலும், போலீஸ் அவரைத்தான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும். முன் சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டார்.

அந்த மூக்கு போய்ச் சில வருடமாகிவிட்டது. விஷக் காற்றிலேயே கிடந்த மூக்கு எத்தனை காலம் தாங்கும்? அவர் மனைவி மாயக்காளுக்கு மட்டும் தெரியும். அவளிடம்கூட அவர் ஒத்துக்கொண்டதில்லை.

"கருவாடு கரிஞ்சு தெருவே இருமுது. நீங்க பாட்டுக்கு டிவி பாக்குறீக."

"சளி பிடிச்சிருக்குடி."

"நம்ம பேரன் பொறந்ததுல இருந்து உங்களுக்கு அதே சளிதான்."

போன திராட்சைப் போகத்தில், தேவாரம் ரோட்டுத் தோட்டம் ஒன்றில் காவலாளி கர்ணன் மோட்டார் ரூமுக்குள் செத்துக் கிடந்தார். பக்கத்தில் மருந்து டின் கவிழ்ந்து தரையெல்லாம் ஈரம். இன்ஸ்பெக்டர் ஈஸ்வரபாண்டி, ஒச்சாண்டிக்கு ஜீப் அனுப்பினார்.

தேனியிலிருந்து வந்திருந்த தடயவியல் அதிகாரி ஜெபஷீலா, முகமூடியும் கால்வரை மூடிய உடுப்புமாக வாசலை மறித்து நின்றார். "யாரும் உள்ள வரக் கூடாது. கொட்டிக் கிடக்கிறது என்னன்னு தெரியாம கால் வச்சா, அடுத்த கேஸ் நீங்கதான். லேப் ரிசல்ட் வரட்டும்."

"அது வர்ற வரைக்கும் நான் வெரல் சூப்பிக்கிட்டு இருக்கவா மேடம்?" என்ற இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ஒச்சாண்டியண்ணே, நீங்க இங்கன நின்னே சொல்லிருவீகள்ல?"

ஒச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் சனம். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் மட்டும் உள்ளே போயிற்று. கவிழ்ந்த டின்னில் பச்சைப் பட்டை. அவர் கடையில் ஒரே மருந்துக்குத்தான் அந்தப் பட்டை உண்டு.

"இலைப்பேன் மருந்து," என்றார்.

"வாடையை வச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார் ஜெபஷீலா.

"இந்த மூக்கு பொய் சொல்லாதும்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் கடை வியாபாரம் தன் விரல் நுனியில் இருப்பதையும் காட்ட ஆசை வந்தது. "இந்தப் போகத்துல அந்த மருந்த வாங்குனது நம்ம தங்கப்பாண்டி ஒருத்தன்தான்."

பக்கத்துத் தோட்டத்துக்காரன் தங்கப்பாண்டி, ஒச்சாண்டிக்கு மருமகன் முறை. தண்ணீர் முறைக்காகக் கர்ணனோடு அவன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டது ஊருக்கே தெரியும். பொழுது சாய்வதற்குள் அவனைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் ஒச்சாண்டிக்கு உறைத்தது. மூடி நன்றாக இருக்கிற காலி டின்னை இந்தப் பக்கம் எந்தச் சம்சாரி சும்மா விடுகிறான்? அலசிவிட்டு வேறு மருந்தை ஊற்றி வைப்பான். அப்படிச் செய்யாதே என்று கடைக்கு வருகிறவர்களைத் திட்டுகிறவரே அவர்தான்.

ஸ்டேஷனுக்குப் போய், எனக்கு வாடை தெரியாது, பட்டையைப் பார்த்துச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை போவார். யாராவது, "எங்க, போலீஸ் மோப்பத்துக்குக் கூப்பிட்டாகளா?" என்று மரியாதையோடு கேட்பார்கள். அந்த மரியாதையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார். மறுநாளும் அப்படியே.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெட்டுக்கு நின்ற தங்கப்பாண்டியின் திராட்சை பந்தலிலேயே வெடித்தது. கொலைக் கேஸ் என்றதும் வெட்டுக்காரர்கள் அந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. அவன் பெண்சாதி பாண்டீஸ்வரி ஒருத்தியாக எவ்வளவு வெட்டுவாள்?

ரிசல்ட் வந்தது. டின்னுக்குள் இருந்தது களைக்கொல்லி. வேலியோரம் கிடந்த தங்கப்பாண்டியின் காலி டின்னைக் கர்ணனே எடுத்து ஊற்றி வைத்திருக்கிறார். அவர் உடம்பில் விஷமே இல்லை. நெஞ்சு அடைத்து விழுந்திருக்கிறார், கை பட்டு டின் கவிழ்ந்திருக்கிறது. அவ்வளவுதான். தங்கப்பாண்டியை விட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கடைமுன் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். "இனிமே நாங்களே பாத்துக்கிறோம்ணே," என்றார். முன் சீட் காலியாகவே போயிற்று.

மறுநாள் காலையில் ஒச்சாண்டி தோட்டத்துக்குப் போனார். பந்தலுக்கடியில் தங்கப்பாண்டி அழுகின குலைகளை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். யார் வந்தது என்று தெரிந்தும் திரும்பவில்லை.

"மாப்ளே," என்றார். கத்திரிக்கோல் சத்தம்தான் கேட்டது.

பாண்டீஸ்வரிதான் வந்தாள். ஈ மொய்த்த குலை ஒன்றை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"வாங்க மாமா. எல்லாத்தையும் மோந்தே சொல்லிருவீகளாமே. இது என்ன வாடைன்னு சொல்லுங்க."

சாறு வழிந்து அவள் முழங்கைவரை ஓடியது. தோட்டம் முழுக்கப் புளித்து நாறிக்கொண்டிருக்க வேண்டும். அவளே முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். ஒச்சாண்டி அந்தக் குலையை இரண்டு கையாலும் வாங்கி, மூச்சை இழுத்தார். இன்னொரு தடவையும் இழுத்தார்.

"தெரியல ஆத்தா," என்றார். "அன்னைக்கும் தெரியல."

கத்திரிக்கோல் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.