லாரி திரும்ப ஓர் இடம்

"வரட்டும்ணா, வரட்டும்" என்று கையை ஆட்டியபடி புவனா பின்னோக்கி நடக்கிறார். எதிரே பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஊர்ந்து வருகிறது. வீடு ஒன்றுகூட இல்லாத பொட்டல். தெருக்கள் எல்லாம் இப்போதைக்குச் சுண்ணாம்புக் கோடுகள்தாம்.

தடாகம் என்ற ஊர்ப்பக்கம் மலையடிவாரத்தில் மனை பிரிப்பவர்களுக்கு வரைபடம் போட்டுத் தருவது அவர் தொழில். பங்குனியில் மலைப்புல் காய்ந்து தீப்பிடித்தால், தீயணைப்பு வண்டி உள்ளே வந்து ஒரே வளைப்பில் திரும்ப வேண்டும். காகிதத்தில் திரும்பினால் நம்ப மாட்டார். செங்கோடனின் தண்ணீர் லாரியை வரவழைத்து ஓட்டிப் பார்ப்பார். டயர் கோட்டைத் தாண்டினால் வரைபடம் மாறும். செருப்பு, சேலை விளிம்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் எந்நேரமும் வெள்ளை. ஊருக்கே கோலம் போட்டுவிட்டு வருகிறாரோ என்று, அவரிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நினைத்தேன்.

மலைத்தீ வீட்டைத் தொடாதிருக்க, மலையோரம் சாலைதான் ஓட வேண்டும், வீடு கூடாது என்பது அவர் பிடிவாதம். மலையை ஒட்டிய மனைக்குத்தான் கிராக்கி என்று புலம்புவார் மனை விற்கும் ரங்கராஜ். "மலையச் சன்னல்ல பாத்தாப் போதாதுங்களா? முதுகு சாஞ்சுக்கோணுங்களா?" என்பார் புவனா. ரங்கராஜ் முறைப்பார். ஆனால் அடுத்த வேலைக்கும் இவரைத்தான் கூப்பிடுவார்.

இந்த முறை இருபத்தேழாம் மனை புவனாவுக்கே. வாடகை வீட்டில் இருந்துகொண்டு இருபது வருடமாக ஊராருக்கு மனை வரைந்தவர், தனக்கென்று எடுத்த முதல் இடம். தெருவின் கடைசி மனை. நான் வந்ததும் வராததுமாக இழுத்துப்போய், சமையலறை எங்கே, எந்தச் சன்னலில் மலை தெரியும், காப்பி டம்ளரை எங்கே வைப்பார் என்றெல்லாம் காட்டினார். அந்தச் சந்தோஷம் என்னையும் தொற்றிக்கொண்டது.

லாரி அந்த முனையில்தான் வளைந்தது. பின்சக்கரம் கோட்டைத் தாண்டிச் சமையலறைக்குள் நாலடி போய்விட்டது.

செங்கோடன் தலையை வெளியே நீட்டினார். "அம்மணி, இது உங்க சைட்டுங்க. ஒருக்கா ரிவர்ஸ் எடுத்துப்போட்டா வந்துருமுங்க. ஆருக்குத் தெரியப்போவுது?"

புவனாவின் முகம் வாடியது. மலையை ஒரு தரம் பார்த்தார்.

"தீ வர்ற அன்னிக்கு ரிவர்ஸ் எடுக்க நேரமிருக்காதுங்ணா" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சமையக்கட்டுத்தானுங்க போச்சு. ஊடு இருக்குதுல்ல."

பழைய கோட்டைச் செருப்புக்காலால் தேய்த்து அழித்தார். வாளியிலிருந்து சுண்ணாம்பை அள்ளி, தன் மனைக்குள் தள்ளிப் புதுக்கோடு போட்டார். லாரி தெருவின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வந்தது. காப்பி டம்ளர் வைப்பதாகச் சொன்ன அதே இடத்தில் நின்றுகொண்டு, புவனா இரண்டு கைகளாலும் அதை அழைத்தார்: "வரட்டும்ணா, வரட்டும்."