அக்கா காத்த பூங்கா

அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. ஒரு தம்பியாக நன்றியோடு இதை எழுதுகிறேன்.

அக்கா இரும்புலியூரில் ஓர் ஓட்டு வீட்டில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், டியூஷன் எடுத்துத் தானும் படித்து என்னையும் படிக்க வைத்தார். பிறகு கல்லூரியில் நகரமைப்பு வரலாறு கற்பித்தார். எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் அந்த ஊர்க் குளத்தையும் தேரடியையும் பார்த்துவிடுவார். அந்தக் காலத்தில் தண்ணீர் நிற்கவும் தேர் திரும்பவும் இடம் விட்ட பிறகே வீட்டுக்கு மனை அளந்திருக்கிறார்கள் என்று எங்களுக்கு விளக்குவார். அதற்குள் பந்தி முடிந்திருக்கும்.

முடிச்சூரில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து மனையில் வீடு கட்டினோம். எங்கள் சபைக்கு ஆலயம் இல்லை. ஒரு வாடகை மாடியில்தான் ஆராதனை. எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென விட்ட இடம் முள் மண்டிக் கிடந்தது. அதை ஆலயத்துக்குக் கேட்டு அதிகாரிகளுக்கு மனு எழுதினோம். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நானும் போட்டேன். அக்கா போடவில்லை. சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"பிள்ளைங்க விளையாட பார்க் இருக்குன்னு காட்டித்தானே நமக்கெல்லாம் பிளாட் வித்தாங்க? அதை எடுத்து ஆண்டவருக்குக் கொடுக்க நாம யாரு?"

அப்படியும் மனுவை அனுப்பினோம். அதிகாரிகளும் அக்கா சொன்னதையே சொல்லி மனுவைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் சபையார் வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸ் அக்கா வீட்டு வாசலில் நிற்காமல் போனது. பாடகர்களுக்கென்று செய்த கேக்கை அத்தான் ஒரு வாரம் தின்று தீர்த்தார். அக்கா ஆள் வைத்து முள்ளை வெட்டிப் புங்கங்கன்று நட்டார். சபைக்கு வேறிடம் அமைந்தபோது, கட்டட வரைபடத்தை உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தவரும் அவரே. நான் போட்ட கையெழுத்தைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

மருத்துவமனையில் கடைசி வாரம், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"கையெழுத்துதானே, விடுடா. வெயில் கொளுத்துது, கன்னுக்குத் தண்ணி ஊத்துனியா?"

இல்லை என்றேன்.

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்க?"

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அடக்க ஆராதனையில் பாடிய வாலிபர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முக்கியமாக, காலையில் பூங்காவுக்கு என்னோடு தண்ணீர்க் குழாய் இழுத்து வரும் எங்கள் போதகர் ஐயாவுக்கு நன்றி. அந்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.