புத்தகத்தில் இல்லாத நோயாளிகள்

நர்சு வேலையில் ஊசி போடக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. ஒரு வயசாளியை வலிக்காமல் தூக்கி உட்கார வைக்கக் கற்றுக்கொள்ள ஆறு வருஷம் ஆயிற்று. வீட்டில் படுத்த படுக்கையாய் ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே இடுப்பில் ஒரு தரம் சுளீரென்று இழுக்கும். இழுக்கட்டும், நாமெல்லாம் ஒரே ஜாதிதான்.

என் பெயர் பாவாயி. மல்லசமுத்திரத்துப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம். பதினேழு வயதில் தாலி அறுத்தேன். பத்தொன்பதில், அந்தப் பக்கம் முகாமுக்கு வந்த ஒரு லேடி டாக்டர் சொல்லி, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சு படிப்புக்குச் சேர்ந்தேன். எங்கள் உறவில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை. கண்டவர்களின் மலஜலம் எடுக்கிற வேலை என்று அப்பா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால் எனக்காகப் பரிந்து பேச வீட்டில் ஆள் இல்லை.

பரீட்சைக்கு வராதவர்கள்

எங்கள் மேட்ரன் வெள்ளைக்காரி. தமிழை ஏட்டில் படித்தவர்; கைக்குழந்தையைக்கூட 'நீங்கள்' என்பார். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் பாடத்தை எழுதிக்கொள்வோம். பிரசவத்துக்கு எட்டுப் பாடம், குழந்தைக்கு ஆறு, காய்ச்சலுக்கு ஐந்து, அறுவைக்கு ஏழு. பெண்கள் வார்டில் இருபத்தெட்டுக் கட்டில். அதில் எந்த நாள் எண்ணினாலும் ஒன்பது பத்து கிழவிகள் படுத்திருப்பார்கள். அவர்களுக்கு எத்தனை பாடம் என்று நோட்டைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை.

எழுந்து மேட்ரனிடம் கேட்டேன். வயதானவர்களும் பெரியவர்கள்தானே, பெரியவர்களுக்குச் சொன்னதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும் என்றார். உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ரெபேக்கா என்னோடு ஒரே அறையில் தங்கியவள், வகுப்பில் முதல் மார்க்கு. அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே சொன்னாள்:

"பரீட்சைக்கு வராத நோயாளியைப் பத்தி நமக்கு என்ன கவலை, பாவாயி?"

சுவர்ப் பக்கம் ஒரு காது

கெங்கவல்லியிலிருந்து சின்னப்பொண்ணு என்று ஒரு கிழவியை, வரப்பில் விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனதால், ரயிலேற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கூட வந்த மருமகன் அறுவடை இருக்கிறது என்று மறுநாளே போய்விட்டார். கிழவி எதைக் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. திடீரென்று யாராவது தொட்டால் கையை வீசி அடிப்பாள். ஒருமுறை மருந்துக் கிண்ணம் ரெபேக்காவின் வெள்ளை உடுப்பில் கொட்டியது. புத்தி பிசகிவிட்டது என்று சீட்டில் எழுதி, கை இரண்டையும் கட்டுத் துணியால் கட்டிலோடு கட்டி வைத்தோம். 'வைத்தோம்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு முடிச்சு நான் போட்டது.

பதினோராம் நாள் சுவருக்கு வெள்ளை அடிக்க வந்தார்கள். கட்டில்களைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டோம். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு போய் வழக்கம்போல, "ஆயா, கஞ்சி" என்றேன். சின்னப்பொண்ணு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். ஒரு காது அடியோடு செவிடு, மற்றது மந்தம். கொஞ்சமாவது கேட்கிற அந்தக் காது பதினோரு நாளும் சுவரைப் பார்த்திருந்திருக்கிறது. யார் வருகிறார்கள் என்று தெரியாத கிழவி, தொட்டால் பயந்து அடிக்காமல் என்ன செய்வாள்? முடிச்சை அவிழ்த்தேன். மணிக்கட்டில் சிவப்பாய் வளையல் போலத் தடம். அவள் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து இரக்கத்தோடு சொன்னாள்:

"பாவம், இந்த ஆஸ்பத்திரியில எல்லாருமே ஊமைன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

நாலு மணி

மாலை நாலு மணி, பார்க்க வருகிறவர்களுக்கான நேரம். மூன்றரைக்கே கிழவிகள் தலை வாரிக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். நாமகிரிப்பேட்டை அத்தாயம்மாளுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் வாரி, கொண்டை போட முடியாமல், மயிரைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு வாசலைப் பார்ப்பாள். மூன்று மகன்கள், முப்பது ஏக்கர் மஞ்சள் காடு. முதல் வாரம் மூன்று பேரும் வந்தார்கள். பிறகு ஒருவர். பிறகு காட்டில் வேலை.

ஒரு நாள் அவளுக்குக் கொண்டை போட்டுவிட்டு, நின்றபடியே நாலு வார்த்தை பேசினேன். வார்டில் நர்சு உட்காரக் கூடாது என்பது சட்டம். அவள் பார்க்க வருகிறவர்களுக்கான முக்காலியை இடது கையால் தட்டினாள். மேட்ரன் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் உறவுக்காரர்களை 'ஒறம்பரை' என்போம். வாய் கோணியிருந்தாலும் அந்தச் சொல்லை மட்டும் அவள் தெளிவாகச் சொன்னாள்:

"நின்னுட்டுப் பேசுனா நீ நர்சு, உக்காந்து பேசுனா எனக்கு ஒறம்பரை, சாமி."

திருப்பிப் போட ஆள் இல்லை

படுக்கைப் புண்ணைப் பற்றிப் புத்தகத்தில் இருந்தது. ஸ்பிரிட் தேய், பவுடர் போடு, திருப்பிப் படுக்க வை. வயதான தோல் வெங்காயச் சருகு மாதிரி, அழுத்தித் தேய்த்தாலே உரிந்துவிடும் என்று அதில் இல்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பாவிட்டால் இடுப்பெலும்பு மேலே இரண்டே நாளில் கறுத்துவிடும் என்றும் இல்லை. நான் வேலையில் இருந்த நாளெல்லாம் அத்தாயம்மாளைத் திருப்பிப் போட்டேன். பிரசவ வார்டில் ஆள் போதவில்லை என்று என்னை ஐந்து நாள் அங்கே மாற்றினார்கள். ஆறாம் நாள் வந்து போர்வையை விலக்கினால், இடுப்பில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வாசனையே சொல்லிவிட்டது.

ரெபேக்காவோடு சண்டைக்குப் போனேன். அவள் அழுதாள். இருபத்தெட்டுக் கட்டிலுக்கு அவள் ஒருத்தி. யாரை எப்போது திருப்ப வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அத்தாயம்மாள் அதன்பின் இருபது நாள் இருந்தாள். புண்ணைக் கழுவும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள், யாரையும் குறை சொல்ல மாட்டாள். ஒரே ஒருநாள், நான் மன்னிப்புக் கேட்டபோது சொன்னாள்:

"நீ இல்லாத நாள்ல நான் இந்தக் கட்டில்ல கெடக்கற மூட்டைதான் அம்முணி, மூட்டையை ஆரு திருப்பிப் பாப்பாங்க?"

ஊருக்கு ஒரு நாள்

அத்தாயம்மாள் கண்ணை மூடிய மறுவாரம் எனக்கு யாரையாவது பார்க்க வேண்டும் போல் இருந்தது. படிப்புக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போனேன். அப்பா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். எழுவதற்கு மூன்று தடவை உன்ன வேண்டியிருந்தது. அக்குளுக்கடியில் ஒரு கை கொடுத்தால் ஒரே மூச்சில் எழுந்துவிடுவார். அந்தக் கை எனக்கு இருந்தது. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்க்க என் கை துடித்தது. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார்.

அண்ணன் மனைவி சோறு போட்டாள். சாப்பிட்ட பிறகு, உப்பைக் குறைக்க வேண்டும், தலைமாட்டை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும் என்று அவளிடம் எல்லாம் சொன்னேன். அப்பா காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவள் கட்டுத்தறிக்குப் போய்விட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"மாமா சொல்லச் சொன்னாரு அம்முணி, கடைசி பஸ்ஸு அஞ்சு மணிக்காமா."

வியாழக்கிழமை வகுப்பு

நான் தேறி அதே வார்டில் நர்சாக நிலைத்த பிறகு யுத்தம் வந்தது. பாதி நர்சுகள் பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள், ரெபேக்காவும் போனாள். புதிதாகப் பதினாறு பெண்கள் படிக்க வந்தார்கள். மேட்ரனுக்கு மூச்சு விட நேரமில்லை. வாரம் ஒரு வகுப்பை நீங்கள் எடுங்கள், எந்தப் பாடம் எடுப்பீர்கள் என்று என்னைக் கேட்டார். வயசாளிகள் பாடம் என்றேன். அவர், அத்தாயம்மாளின் சீட்டை இன்னும் தம் மேஜையில் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை மூன்று மணி என்று பலகையில் எழுதினார்.

எனக்குப் புத்தகம் இல்லை. அதனால் பெண்களைக் கட்டிலில் படுக்க வைத்தேன். காதில் பஞ்சு, ஒரு கையை உடம்போடு சேர்த்துக் கட்டு, மல்லாந்து கிடக்க, கஞ்சியை இன்னொருத்தி கரண்டியால் ஊட்ட வேண்டும், ஒரு மணி நேரம் அசையக் கூடாது. சிரித்துக்கொண்டே படுத்தார்கள். கால் மணியில் சிரிப்பு நின்றது. ஒருத்திக்குக் கஞ்சி புரையேறியது. பிறகு எழுப்பி, தலையணை எங்கே வைப்பது, எந்தக் காதில் பேசுவது, எப்படிப் புரட்டுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். கட்டிலுக்கு ஒரு சிலேட்டுத் தொங்கவிட்டோம்: இடம், வலம், மல்லாக்க, மணி. முக்காலியில் உட்காரலாம் என்றும் சொல்லிவிட்டேன், அன்று எட்டிப் பார்க்க வந்த மேட்ரன் பின்னால் நின்றிருந்தும். ராசிபுரத்துப் பெண் மரகதம், வகுப்பிலேயே வாயாடி, அன்று கட்டிலிலிருந்து இறங்கியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, இந்த ஒரு மணி நேரத்துல எனக்கு எழுவது வயசாயிருச்சுங்க."

மரகதம் கொண்டுவந்த சேதி

மரகதம் படிப்பை முடித்துத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் மாசி மாதம், அப்பா இறந்துபோனார் என்று அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. யுத்தகாலத் தபால், கருமாதி முடிந்த பிறகுதான் என் கைக்குக் கிடைத்தது. அன்று வார்டில் வேலை பார்த்தேன். அது தவிர எனக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து மரகதம் லீவில் என்னைப் பார்க்க வந்தாள். அவள் சொல்லித்தான் மீதி தெரிந்தது. படுத்தால் மூச்சு விட முடியவில்லை என்று அண்ணன் வண்டி கட்டி அப்பாவை அவள் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். இவருக்கு நான் மகள் என்று அவளுக்குத் தெரியாது. முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறாள், முக்காலி போட்டு உட்கார்ந்து கஞ்சி கொடுத்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் அப்பா, இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டிருக்கிறார். சேலத்தில் பாவாயி அக்காவிடம், அவங்களும் உங்க பக்கந்தான் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

மறுநாளிலிருந்து தினம் ஒரு கேள்வி. உங்க அக்கா வேறென்ன சொல்லித் தரும்? சத்தம் போடுமா? வேளைக்குச் சாப்பிடுமா? அவர் கேட்கிற விதத்திலேயே மரகதத்துக்குப் புரிந்துவிட்டது. ஒரு கார்டை எடுத்துவந்து, அக்காவுக்கு ஒரு வரி போடட்டுங்களா என்று கேட்டிருக்கிறாள். அப்பா அவள் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார். அதற்கு நாலாம் நாள், சாய்ந்து உட்கார்ந்தபடியே, சிரமமில்லாமல் போய்விட்டார். முதுகில் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை அக்கா என்று மரகதம் இரண்டு தடவை சொன்னாள். தடுத்தபோது என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் சொன்ன மாதிரியே சொன்னாள்:

"அவளுக்கு எழுதாத சாமி. அவ இங்க வந்துட்டா, அங்க கெடக்கற வயசாளிங்களை ஆரு திருப்பிப் போடறது?"

நல்ல நர்சு என்று பேர் வாங்குவதில் உள்ள ஒரே சங்கடம், அதற்குப் பிறகு நமக்கு லீவு கொடுக்க ஒருவருக்கும் மனசு வருவதில்லை என்பதுதான், பெற்ற அப்பாவுக்கும்.