மூட்டுக்கு ஜுரம்

கல்கத்தாவில் டிராம் வண்டி குதிரையை விட்டு மின்சாரத்துக்கு மாறிய புதிதில், பவர்ஹவுஸில் மீட்டர் முள்ளைப் பார்த்து எழுதுவது என் வேலை. காளிகாட் லைனில் மட்டும் முள் அதிகம் ஏறியது, வண்டிகளோ ஊர்ந்தன. டிரைவர்கள் கரண்டை வீணடிக்கிறார்கள் என்று எஞ்சினியர் துரை முடிவு கட்டிவிட்டார். முதலில் வீட்டுக்கு அனுப்ப அவர் குறித்த ஆள், பிள்ளைகளே, நீங்கள் ஜேட்டு, அதாவது பெரியப்பா, என்று கூப்பிடும் நம் பக்கத்து வீட்டுக்காரர். சனிக்கிழமையோடு சரி என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கரண்டை அள்ளித் தின்கிற வண்டி வேகமாகவாவது ஓட வேண்டாமா?

மேலே கம்பியில் வரும் கரண்ட், வண்டியை ஓட்டிவிட்டுத் தண்டவாளம் வழியாகத்தான் பவர்ஹவுஸுக்குத் திரும்பும். இரண்டு தண்டவாளம் சேரும் மூட்டில் அதற்காகச் செம்புக் கம்பி பிணைத்திருப்பார்கள். அது அறுந்தால் கரண்டில் ஒரு பங்கு அங்கேயே வெறும் சூடாகப் போய்விடும். மார்கழிக் காலையில் காளிகாட் போய்ப் பார்த்தேன். பனியில் தெருவெல்லாம் ஈரம். சில மூட்டுகளைச் சுற்றி மட்டும் கல் காய்ந்திருந்தது. தொட்டேன், சுட்டது.

துரைக்கு இங்கிலீஷில் எழுதினேன். நான் படித்தது நாலாவது ஃபாரம் வரைதான். மூட்டு காய்கிறது என்று தமிழில் நினைத்தேன். காய்ந்தால் காய்ச்சல்தானே என்று, 'மூட்டுகளில் ஃபீவர், உடனே கவனிக்கவும்' என்று எழுதிவிட்டேன். துரை எனக்கு மூன்று நாள் சிக் லீவு கொடுத்தார்.

ஆபீஸே சிரித்தது. "மத்ராஸி பாபு, முட்டியில நல்லா எண்ணெய் தேய்ச்சுட்டுப் படுங்க" என்றார் ஹெட்கிளார்க்.

வீட்டில் உங்கள் அம்மா, "தப்பா எழுதிட்டேன்னு போய்ச் சொல்லிடுங்கோளேன்" என்றாள்.

"எதுக்கு? லீவு குடுத்திருக்கார், எடுத்துக்கறேன்."

"ஜுரம்னு சொல்லிட்டுத் தெருவில அலைஞ்சா உங்க வேலையே போயிடுமே."

"தப்பே பண்ணாத மனுஷனுக்குப் போறதே, அது சரியா?"

அவள் கோலப்பெட்டியிலிருந்து ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து நீட்டினாள்.

மூன்று நாள் காலையும் லைன் நெடுக நடந்து, காய்ந்த மூட்டுக்கெல்லாம் வெள்ளைக் கோடு போட்டேன். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒரு மூட்டருகே உட்கார்ந்து கோடு போடும்போது துரையின் கோச்சு வண்டி என் பக்கத்தில் நின்றது.

"உனக்குக் காய்ச்சல் என்றாயே?"

"எனக்கில்லை சார். இதற்கு."

எழுந்திரு என்றார். தொட்டுப் பாருங்கள், எழுந்திருக்கிறேன் என்று மூட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு டிராம் வந்து நின்று மணியடித்தது. உள்ளேயிருந்தவர்கள் வங்காள மொழியில் என்னைத் திட்டினார்கள். துரை கையுறையைக் கழற்றித் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

அந்த மாதமே புதுச் செம்புக் கம்பிகள் போட்டார்கள். முள் இறங்கியது. ஜேட்டுவை வீட்டுக்கு அனுப்பவில்லை; இன்னும் அதே லைனில்தான் வண்டி ஓட்டுகிறார்.

லீவில் ஊர் சுற்றினேன் என்று என் பேரில் ஒரு கறுப்புக் குறிப்பு எழுதினார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் அந்தக் குறிப்பை அடித்துவிடுவதாகவும் சொன்னார்கள். இன்றுவரை நான் எழுதிக் கொடுக்கவில்லை.