சாந்தினி அக்கா அனுப்பிய பயணிகள்

சாந்தினி அக்கா இறந்துவிட்டதாக அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னபோது, சுவிட்சர்லாந்தின் சோலோதுர்னில் அவரும் நானும் வேலைசெய்த பயண முகவர் அலுவலகத்தில் ஒரு சுவிஸ் தம்பதிக்கு இலங்கையின் கிழக்குக் கரையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அந்தக் கரையை எனக்குக் காட்டியவரே அவர்தான்.

அவரிடம் பயணச்சீட்டு எடுத்த உங்களுக்கு நினைவிருக்கும், அங்கே பெரிய விடுதி எழுந்தபோது அக்கா எவ்வளவு மகிழ்ந்தார் என்று. அது அவருடைய தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர். தமக்கையின் மகள் துளசிக்கு விடுதி வரவேற்பில் வேலை கிடைத்தது. "எங்கட சனத்துக்கு இனி உழைப்பு வரும்" என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை அனுப்பினார்.

ஒருமுறை குழுவோடு நாங்கள் இருவரும் போனோம். விடுதியின் முன் கடற்கரையை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு அப்பால் தமக்கையின் கணவரைக் காவலாளி தடுத்து நிறுத்தியிருந்தான். அவர் காலமெல்லாம் கரைவலை இழுத்த இடம் அது. மீன் வாடை விருந்தினருக்கு ஒத்துவரவில்லை என்று, வள்ளங்களைப் பாறைப் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். அக்கா ஓடினார்.

"இவர் என்ர அத்தான். விடுங்கோ, நான் மனேச்சரோட கதைக்கிறன்."

அத்தான் அவர் கையைப் பிடித்தார். "வேண்டாம் சாந்தினி. பிள்ளை உள்ளுக்கை வேலை செய்யிறாள். நீ கதைச்சா அவளுக்குத்தான் பிரச்சினை."

"மேடம், நீங்க உள்ள வரலாம்" என்றான் காவலாளி.

அக்கா வரவில்லை. அத்தானோடு சுற்றுவழியால் நடந்துபோனார். மாலையில் திரும்பியபோது, வரவேற்பில் நின்ற துளசியை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதன்பின் அந்த விடுதிக்கு யாரையும் அனுப்பவில்லை. "கடல் வடிவெண்டு சொல்லு. ஆனா அது ஆரின்ர கடல் எண்டும் சொல்லு" என்பார் என்னிடம். வாடிக்கையாளர் சிலர் வேறு முகவரிடம் போனார்கள்.

பிறகு நாட்டில் நெருக்கடி வந்து, பயணிகள் வரத்து நின்றது. துளசி அலுவலகத்துக்கே அழைத்தாள்.

"சித்தி, ஆக்களை அனுப்புங்கோ. ஒருத்தரும் வராட்டி எங்களை நிப்பாட்டிப்போடுவினம்."

"கொப்பர் என்ன சொல்லுறார்?"

"அப்பாதான் உங்களிட்டைக் கேக்கச் சொன்னவர்."

அக்கா தொலைபேசியை வைத்தார். பின் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, ஒரு குழுவைத் திரட்டி அதே விடுதிக்கு அனுப்பினார். துளசியின் வேலை தப்பியது. அத்தானின் வள்ளம் இன்றும் பாறைப் பக்கம்தான் நிற்கிறது.

"அனுப்பினாலும் வெட்கமாக் கிடக்கு, அனுப்பாட்டியும் வெட்கமாக் கிடக்கு" என்றார் ஒருநாள், கணினியை மூடிக்கொண்டே.

இறுதிச் சடங்கில் ஒரு முதிய சுவிஸ் பெண்மணி என் கைகளைப் பற்றினார். "அவர் எங்களைச் சொர்க்கத்துக்கு அனுப்பினார்" என்று அழுதார். நன்றி சொன்னேன். அது யாருடைய கடல் என்றும் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அக்காவுக்கு வந்திருக்கும்.

அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியது அந்த வெட்கம் ஒன்றுதான். அது என்னைவிட்டுப் போகும் நாளில் நான் மிகத் திறமையான விற்பனையாளன் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.